துண்டுக்கு அடியில் பேசும் விரல்கள்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையைக் களமாக வைத்து நண்பர் ஒரு கணினி விளையாட்டு செய்கிறார். பொத்தான்களுக்குப் படம் வரைவது என் வேலை. ஓடு, குதி என்றால் சிக்கலே இல்லை, காலை வரைந்தால் போதும். பேரம் பேசு, கெஞ்சு, மிரட்டு, பொய் சொல், வாக்குக் கொடு என்றால் என்ன வரைவது? எல்லாமே வாய் செய்யும் வேலை. வாயை வரைந்தால் ஐந்து பொத்தானும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஜே. எல். ஆஸ்டின் என்ற தத்துவ அறிஞர் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், பேசுவதே ஒரு செயல்தான் என்று விளக்கினார். "தர்றேனுங்க" என்று சொன்ன நொடியில் ஒரு கடமை பிறந்துவிடுகிறது. அப்படியானால் வாயை விட்டுவிட்டு, பேச்சு என்ன செய்ததோ அதை வரையலாம். வாக்குக்கு, விரித்த உள்ளங்கையில் அச்சாரக் காசு.

பேரத்துக்குச் சந்தையே படம் கொடுத்தது. தரகரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தொகை தெரியாது. முதலில் துண்டுக்குக் கீழே விரல்கள் தெரியும்படி வரைந்தேன். 32 புள்ளி (பிக்சல்) அகலத்தில் அது வெறும் கைகுலுக்கலாகிவிட்டது. விரல்களை அழித்து, இரண்டு பக்கமிருந்தும் மணிக்கட்டு துண்டுக்குள் நுழைவதை மட்டும் வைத்ததும் சட்டென்று பிடிபட்டது.

மிரட்டலுக்கும் கெஞ்சலுக்கும் உருவமே பாதி வேலையைச் செய்கிறது. 2001இல் நரம்பியல் அறிஞர் ராமச்சந்திரனும் ஹப்பார்டும் எழுதிய ஆய்வு பலருக்கு நினைவிருக்கும்: பொருளற்ற இரண்டு சொற்களைக் கொடுத்தால், கூர்முனை உருவத்துக்குக் 'கிக்கி', உருண்டைக்குப் 'பூபா' என்றே பெரும்பாலோர் பெயர் வைத்தார்கள். தமிழ் பேசுவோரும் அப்படித்தான். அதனால் மிரட்டலின் பேச்சுக் குமிழுக்கு முள் விளிம்பு, கெஞ்சலுக்குக் குழைந்த விளிம்பு.

பொய்தான் படுத்தியது. காதில் பூ வைத்தேன். பேக்கரியில் டீ குடிக்க வந்த ஒரு தரகரிடம் காட்டினால், "காது கேக்கறதில்லீங்களா?" என்கிறார். அந்த அளவில் பூ கண்ணுக்குத் தெரியவில்லை. அப்புறம் சோற்றுக் குவியலிலிருந்து எட்டிப்பார்க்கும் பூசணிக்காய் வரைந்தேன், உடனே சிரித்துவிட்டார். பழமொழி தெரியாதவர்கள் ஒருமுறை கற்றுக்கொள்ள வேண்டும்தான். பழைய ஃபிளாப்பி வட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளும் அந்தப் படத்தை 'சேமி' என்று படிக்கிறார்களே.

சோதிக்கும்போது "நல்லா இருக்குதா?" என்று கேட்கவே கூடாது. "இதை அமுக்கினால் என்ன நடக்கும்?" என்றுதான் கேட்க வேண்டும். பாதுகாப்புக் குறியீடுகளுக்கான அமெரிக்கத் தரவிதி 85 சதவீதம் பேர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆபத்தான அளவுக்குத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எனக்கு இரண்டாவது கணக்கே முக்கியம். கெஞ்ச நினைத்தவர் மிரட்டிவிட்டால் மாடு கைவிட்டுப் போய்விடும்.

"பார்க்கலாமுங்க" மட்டும் பாக்கி. எங்கள் பக்கம் அதற்குப் பெரும்பாலும் 'வேண்டாம்' என்று பொருள். துண்டை உதறித் தோளில் போடும் கையை வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.