எண்ணெய் எட்டாமை

சிறிய என்ஜின்களைப் பராமரிப்பது பற்றித் தமிழில் எழுதிய குறிப்பு எதை எடுத்தாலும் 'எண்ணெய்ப் பற்றாக்குறை' கண்ணில் படுகிறது. இங்கே சிங்கப்பூரில் கட்டுமானத் தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் நான்குமொழி அட்டையிலும் அதுதான். சென்ற மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் பயிற்றுநர் அதையே அட்டையைப் பார்த்து வாசித்தார். ஆங்கிலத்தில் 'ஆயில் ஸ்டார்வேஷன்' என்பதற்கு நம் ஆட்கள் வைத்த பெயராம். இது தவறு, அதுவும் என்ஜினைக் கெடுக்கக்கூடிய தவறு.

ஸ்டார்வேஷன் என்றால் என்ன? கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு, கேம்ஷாஃப்ட் போன்ற உராயும் இடங்களுக்கு எண்ணெய் போய்ச் சேராமல் போவது. அவ்வளவுதான். என்ஜின் அடியில் எவ்வளவு எண்ணெய் கிடக்கிறது என்பது வேறு கேள்வி. மூலச் சொல்லான 'ஸ்டார்வ்' பழைய ஆங்கிலத்தில் வெறுமனே சாவதைக் குறித்தது, பட்டினியால் சாவது என்று பிறகுதான் சுருங்கியது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லான 'ஸ்டெர்பென்' இன்றும் சாவதுதான். நம் எண்ணெயோ எள்+நெய், பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எள்ளிலிருந்து கிளம்பியது தேங்காயையும் மண்ணையும் கடந்து என்ஜின்வரை வந்துவிட்டது.

'எண்ணெய்ப் பட்டினி' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை மறுக்க அதிக நேரம் வேண்டாம். பட்டினி கிடந்தவன் ஒரு வாய் கஞ்சி குடித்தால் எழுந்து உட்காருவான். எண்ணெய் வராமல் ஓடிய கேம்ஷாஃப்ட் சில நிமிடங்களில் கோடு கோடாகக் கீறிப்போகும். அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் அந்தக் கீறல் மறையாது.

பற்றாக்குறைக்கு வருவோம். பற்றாது என்றால் போதாது. ஆள் பற்றாக்குறை, தண்ணீர்ப் பற்றாக்குறை, வரவுசெலவுப் பற்றாக்குறை எல்லாமே அளவு பற்றிய பேச்சு. அப்படியானால் மருந்தும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: இன்னும் கொஞ்சம் ஊற்று. அட்டையைப் படித்த தொழிலாளி அதைத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஏற்கெனவே சரியாக இருந்த எண்ணெயோடு மேலும் ஊற்றினால், சுழலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். பம்பு நுரையையும் காற்றையும் இழுக்கும். பேரிங்குக்கு வந்து கொண்டிருந்ததும் ஒழுங்காக வராது. நோய்க்கு வைத்த பெயரே நோயை வளர்க்கிறது.

எண்ணெய் குறைவது ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மற்றக் காரணங்களைப் பாருங்கள். அடியில் படிந்த கசடு வடிகட்டி வலையை அடைத்திருக்கலாம். பம்பு தேய்ந்திருக்கலாம். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுக்குத் தாராளமாகப் பூசிய சிலிக்கோன் பசை பிதுங்கி உள்ளே விழுந்து எண்ணெய்த் துளையில் உட்கார்ந்திருக்கலாம். புதிதாகப் பிரித்து மாட்டிய என்ஜினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஹோண்டா ஜிஎக்ஸ்160 மாதிரி சிறிய என்ஜின்களில் எண்ணெய்ப் பம்பே கிடையாது, கரண்டி மாதிரி ஒரு துண்டு எண்ணெயை வாரி அடிக்கும், அவ்வளவுதான். அதனால்தான் 20 டிகிரிக்கு மேல் சாய்த்து ஓட்டாதே என்கிறார்கள். கால்வாய்க் கரைச் சரிவில் அதைத் தண்ணீர்ப் பம்போடு வைத்து ஓட்டினால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, கரண்டிக்கு எட்டாமல் போய்விடும். சமதரையில் வைத்து அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். மேட்டூரில் தண்ணீர் நிற்கும்போதும் கடைமடை காய்வது தஞ்சைப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டும் வேறு வேறு என்பது இயந்திரம் செய்கிறவர்களுக்கே தெரியும். அதே ஜிஎக்ஸ் வரிசையில் பல என்ஜின்களுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. எண்ணெய் மட்டம் இறங்கினால் என்ஜினை நிறுத்திவிடும். அது பார்ப்பது பற்றாக்குறையை. காரில் எரியும் சிவப்பு எண்ணெய் விளக்கு வேறு கணக்கு. அது அழுத்தத்தைப் பார்க்கிறது, அதாவது எண்ணெய் போய்ச் சேருகிறதா என்பதை. இரண்டு கோளாறுக்கு இரண்டு கருவி வைத்திருக்கிறார்கள், நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மாரடிக்கிறோம்.

யமஹாவின் சில சிறிய பைக்குகளில், எண்ணெய் மேலே வந்து சேருகிறதா என்று பார்க்க, சிலிண்டர் ஹெட்டில் ஒரு போல்ட் உண்டு. அதை லேசாகத் தளர்த்திவிட்டு என்ஜினை ஸ்லோவில் ஓடவிட வேண்டும். எண்ணெய் கசிந்தால் நல்லது. ஒரு நிமிடம் ஆகியும் வராவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஜாம் ஆகிவிடும். அப்போது பைக் ஓட்டுகிறவர் சொல்வது என்ன? "ஆயில் ஏறல." எந்தக் கலைச்சொல் குழுவும் கூடாமலே சரியான வினைச்சொல்லைப் பிடித்துவிட்டார்.

அதையே 'எண்ணெய் ஏறாமை' என்று எழுதலாம்தான். எனக்கு ஒரே தயக்கம், பம்பில்லாத என்ஜினில் எண்ணெய் ஏறுவதில்லை, தெறிக்கிறது. அதனால் இரண்டுக்கும் பொருந்துகிற 'எண்ணெய் எட்டாமை' என் தேர்வு. எண்ணெய்க்குப் பதிலாக 'மசகு' போடலாமே என்பார்கள். மாட்டுவண்டி அச்சுக்குப் போட்ட நல்ல பழைய சொல். ஆனால் இலங்கைச் செய்திகளில் மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். ஜூரோங் தீவில் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கிற ஊரில் அந்தக் குழப்பம் தேவையா? மசகிடுவதற்குச் சொல்லும் 'உயவு' தூய தமிழ், ஒப்புக்கொள்கிறேன். பழம்பாடல்களில் அதற்கு வருத்தம் என்று பொருள், பட்டறையில் எந்தப் பொருளும் இல்லை.

இந்தச் சிக்கல் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. மொழிபெயர்ப்பவர் கையில் ஆங்கில வரி மட்டும் போகிறது, இயந்திரம் போவதில்லை. அதனால்தான் காற்றைக் குறைக்கும் சோக் நெம்புகோலுக்கு 'மூச்சுத்திணறல்' என்றும் ஸ்லோ ஸ்பீடுக்கு (ஆங்கிலத்தில் 'ஐடில் ஸ்பீடு') 'சோம்பல் வேகம்' என்றும் அச்சாகி வருகின்றன. இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவில் மேடைமேல் மேடை போட்டு மொழி வளர்க்கிறோம், சரி, வேண்டியதுதான். அச்சுக்குப் போகுமுன் அட்டையை ஒரு மெக்கானிக்கிடம் காட்ட மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

ஒரே ஒரு இடத்தில் பழைய சொல்லை விட்டுக்கொடுக்கிறேன். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பொதுவாக எண்ணெய் அடியில் தனியாகக் கிடப்பதில்லை. புல்வெட்டும் இயந்திரம் பலவற்றில் பெட்ரோல் 50 பங்குக்கு எண்ணெய் 1 பங்கு என்று கலந்தே ஊற்றுகிறார்கள். கலக்கும்போது கை சுருங்கிவிட்டால் அது அசல் பற்றாக்குறை. அங்கே அப்படியே எழுதிக்கொள்ளலாம்.