சிவப்பணு மறக்காத குவார்ட்டர்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். மச்சானுக்குக் குடியால் சிரோசிஸ். கல்லீரல் மாற்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். அக்காதான் தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தரப்போகிறார். மச்சான் குடியை விட்டுச் சரியாக ஒரு மாதம் ஆகிறது என்று சத்தியம் செய்கிறார். ஆனால் ஆஸ்பத்திரியில் 'பெத்' என்று ஒரு ரத்தச் சோதனை எடுத்ததில் 48 வந்திருக்கிறது. "என்றைக்கோ குடித்தது இன்றைய ரத்தத்தில் எப்படி இருக்கும்? இவர் பொய் சொல்கிறாரா?"

முதலில், ரத்தத்தில் அப்படியே இருக்காது. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதம் என்று பாட்டிலில் போட்டிருந்தால், சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். அதைக் கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம் வீதம் எரித்துவிடும். ராத்திரி குடித்தது மறுநாள் காலையில் கிட்டத்தட்ட காலி. சிறுநீரில் எத்தில் குளுக்குரோனைடு என்ற கழிவைத் தேடலாம், அதுவும் மூன்று நாள் வரைதான். செக்கப் தேதி தெரிந்த ஆளுக்கு மூன்று நாள் அடக்கிக்கொள்வது பெரிய காரியமா?

ஜிஜிடி என்று ஒரு கல்லீரல் நொதியை எல்லா லேபிலும் பார்ப்பார்கள். குடித்தால் அது ஏறும். பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் ஏறும், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிட்டாலும் ஏறும். கல்லீரலே கெட்டுப்போனவரிடம் அதைப் பார்ப்பது, எரிகிற வீட்டுக்குள் நின்று யார் பீடி பிடித்தது என்று மோப்பம் பிடிக்கிற கதை.

பெத் வேறு ரகம். முழுப்பெயர் பாஸ்ஃபடிடைல் எத்தனால். எத்தனால் என்பது குடிக்கிற ஆல்கஹால்தான். எனக்கு இதில் பிடித்ததே அது உருவாகிற விதம்தான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் செல்களின் சவ்வு பாஸ்ஃபோலிப்பிடு என்ற கொழுப்புகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொழுப்பு வால், ஒரு தலை. அதிகம் இருக்கும் வகையில் தலை கோலின். பாஸ்ஃபோலைப்பேஸ் டி என்ற நொதிக்கு வேலை, இந்தக் கோலின் தலையைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு நீர் மூலக்கூறை மாட்டுவது. செல்லுக்குள் சேதி அனுப்ப உதவும் ஒரு பொருள் அதில் கிடைக்கிறது. தினமும் நடக்கிற சாதாரண வேலை.

இப்போது ஒருவர் ஒரு குவார்ட்டர் உள்ளே தள்ளுகிறார். நல்ல போதையில்கூட அவர் ரத்தத்தில் ஒரு எத்தனால் மூலக்கூறுக்கு ஏறக்குறைய 2,000 நீர் மூலக்கூறுகள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டாலும் தண்ணீர்தான் அகப்பட வேண்டும். ஆனால் இந்த நொதி எத்தனாலைத் தேடிப் பிடிக்கிறது! தண்ணீரைவிட எத்தனால் மீது அதற்குச் சுமார் ஆயிரம் மடங்கு நாட்டம். கோலின் போன இடத்தில் எத்தனால் உட்கார்ந்துகொள்கிறது. அதுதான் பெத். எத்தனால் இல்லாமல் இது உருவாகாது. பித்தக்கல்லோ மாத்திரையோ இதைச் செய்ய முடியாது.

மற்ற செல்கள் இந்தக் குப்பையை ஓரளவு சீக்கிரம் அகற்றிவிடும். சிவப்பணுவிடம் அதற்கான நொதி இல்லை. உட்கருவையே தூக்கி எறிந்துவிட்டுத்தான் அது வேலைக்கு வருகிறது, புதிதாகச் செய்துகொள்ளவும் வழியில்லை. அதனால் பெத் சவ்விலேயே கிடந்து மெதுவாகக் குறையும். பாதியாகக் குறைய 4 முதல் 10 நாள் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். இதற்காகத்தான் ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் எடுத்து, முழு ரத்தமாகவே சோதிக்கிறார்கள். பல சோதனைகளில் அணுக்களை ஒதுக்கிவிட்டு மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை எடுப்பார்கள். இங்கே அப்படிச் செய்தால் சாட்சியே குப்பைக்குப் போய்விடும்.

இது ஒரு சோதனையைக் கண்டுபிடிக்கலாம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்ததால் வரவில்லை. எத்தனால் கொடுத்த எலிகளின் உறுப்புகளில் வழக்கத்துக்கு மாறான ஒரு கொழுப்பு இருக்கிறது என்று 1983ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள், அவ்வளவுதான். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கும் விண்ணப்பத்தில் 'இதனால் மக்களுக்கு என்ன பயன்' என்ற கட்டத்தில் அவர்கள் அன்று என்ன எழுதியிருக்க முடியும்? நம் ஊரில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும் என்பது என் ஆதங்கம்.

சரி, மச்சானின் 48க்கு வருவோம். ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை நானோகிராம் என்பது கணக்கு. 20க்குக் கீழே என்றால் குடிக்கவில்லை, அல்லது மிகக் கொஞ்சம். 200க்கு மேலே என்றால் கடுங்குடி. இவர் நடுவில் நிற்கிறார். தினம் குடித்தவருக்கு, விட்ட அன்று 768 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை பாதியானால் 384, 192, 96, நாலாவது வாரம் 48. அவர் சொல்வது அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம்! போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் ஒதுங்கிக் குடித்திருந்தாலும் இதே 48 வரலாம். ஒரு எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்தால், இப்போது குடிக்கிறாரா என்பதாவது தெரியும். 12, 15 என்று இறங்கியிருந்தால் இந்த இரண்டு வாரமாவது சத்தியம் காப்பாற்றப்பட்டது எனலாம். 60 என்று ஏறியிருந்தால் பேச வேண்டியது மச்சானிடம், கூடவே ஒரு மனநல ஆலோசகரும் இருப்பது நல்லது. இந்தச் சோதனையைப் போலீஸ் லத்தி மாதிரி பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை. மறுபடி வழுக்குகிறவரை நேரத்தோடு பிடித்து நிறுத்தத்தான் இது.

கேட்க மறக்கக்கூடாத இன்னொன்று: வீட்டில் யாராவது 'ஈரல் தேற' அரிஷ்டம் கொடுக்கிறார்களா? புளிக்கவைத்துச் செய்யும் அரிஷ்டத்திலும் ஆசவத்திலும் தானாக உண்டான ஆல்கஹால் இருக்கும், லேபிளிலேயே போட்டிருப்பார்கள். இரண்டு ஸ்பூனால் எண் எகிறாது. ஆனால் பசிக்கு, தெம்புக்கு, தூக்கத்துக்கு என்று மூன்று வேளையும் மூடி மூடியாகப் போகும் வீடுகள் உண்டு. 'மூலிகைதானே' என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

வாசகரின் கடிதத்தில் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது: சோதனைக்கு முந்தைய வாரம் மச்சான் ரத்த வாந்தி எடுத்து, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்களாம். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஏற்றிய சிவப்பணுக்கள் கொடுத்தவருடையவை. அவர் குடிப்பவராக இருந்தால் அவருடைய பெத்தும் சேர்ந்தே வந்திருக்கும். ரத்தம் ஏற்றிய தேதியையும் சோதனைக்கு ரத்தம் எடுத்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, நாளைக்கே டாக்டரிடம் கொடுங்கள்.