ஹுசார்: சொல்லும் ஒரு சுரங்க முதலாளியும்

இங்கிலாந்தின் டர்ஹாம் நகரச் சந்தைவெளியில் 1861-இல் நிறுவிய ஒரு குதிரைச் சிலை இருக்கிறது. குதிரைமேல் அமர்ந்திருப்பவர் மூன்றாம் லண்டன்டெரி பிரபு, சார்லஸ் ஸ்டூவர்ட். அந்த வட்டாரத்துக்கு அவர் நிலக்கரிச் சுரங்க முதலாளி. சிலையிலோ ஹுசார் என்னும் இலகு குதிரைப்படை வீரரின் உடுப்பில் இருக்கிறார்.

'ஹுசார்' ஹங்கேரியச் சொல். அம்மொழியில் 'ஹூஸ்' என்றால் இருபது. இருபது பேருக்கு ஒருவரைப் படைக்கு எடுத்ததால் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சொல்லாய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. கொள்ளையனைக் குறிக்கும் பழைய செர்பியச் சொல் வழியாக லத்தீன் 'குர்சாரியுஸ்' வரை போகிறார்கள். ஓடுதல் என்ற வேரில் பிறந்தது அது. கடற்கொள்ளையரைச் சுட்டும் 'கோர்சேர்' அதன் உடன்பிறப்பு. பாய்ந்து வந்து அடித்துவிட்டுப் பறந்துவிடுகிறவன்: சொல்லின் உயிர் இதுதான். கனத்த கவசம் கிடையாது. வேவும் துரத்தலும் திடீர்த் தாக்குதலுமே வேலை.

பிரிட்டன் 1806 வாக்கில்தான் தன் இலகு குதிரைப்படைகள் சிலவற்றை ஹுசார்களாக மாற்றியது. மார்பில் வரிவரியான பின்னல் கயிறு, இடத்தோளில் தொங்கும் மென்மயிர் மேலங்கி என்று உடுப்பும் ஹங்கேரியப் பாணிதான். 1808-இல் ஸ்பெயினில், பின்வாங்கிய பிரிட்டிஷ் சேனையின் முதுகைக் காத்த ஹுசார்களில் ஒரு பிரிவை நடத்தியவர் ஸ்டூவர்ட்.

அப்புறம் 1819-இல் டர்ஹாம் சுரங்கங்களின் வாரிசான பிரான்சிஸ் ஆன் வேனை மணந்தார். நிலக்கரியை ஏற்றுமதி செய்ய சீஹாமில் சொந்தத் துறைமுகமே கட்டினார். 1828-இல் அடிக்கல், 1831-இல் திறப்பு. பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் இறக்கத் தடை விதித்த 1842 சட்டத்தைப் பிரபுக்கள் அவையில் கடுமையாக எதிர்த்தவரும் இவரே. அதை விட்டுவிட்டு இவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'குதிரைப்படை வீரர்' போதாது. ஈட்டிக்காரரும் கவசக்காரரும் அதில் அடங்கிவிடுவார்கள். குதிரை வீரனைக் குறிக்கும் 'இராவுத்தன்' என்ற அருமையான சொல் நம்மிடம் உண்டு. அருணகிரிநாதர் முருகனையே 'ராவுத்தனே' என்று விளித்தார். ஆனால் இன்று அது ஒரு சமூகத்தின் பெயராக நிலைத்துவிட்டதால் கலைச்சொல்லாக்கினால் குழப்பும். நான் 'விரைபரி வீரர்' என்பேன். ஊறுகாய் போல வினைத்தொகை; வேகமும் வந்துவிடுகிறது, குதிரையும் வந்துவிடுகிறது. படைப்பிரிவின் பெயராக வரும்போது மட்டும் ஹுசாரை அப்படியே விடலாம்: ஸ்டூவர்ட்டின் கொள்ளுப்பேரன் வின்ஸ்டன் சர்ச்சில் 1895-இல் நான்காம் ஹுசார் படையில் சேர்ந்தார்.