செத்துப்போனது நாக்கு அல்ல

சளி பிடித்து நாலு நாளானால் "நாக்கு செத்துப்போச்சு" என்போம். பழியை நாக்கின் மேல் போடுகிறோம்; பாவம், அது நன்றாகத்தான் இருக்கிறது.

ஓர் ஏலக்காய் மிட்டாய் போதும், சோதித்துப் பார்க்கலாம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சப்புங்கள். இனிப்பு தெரியும், அவ்வளவுதான். அரை நிமிடம் கழித்து விரலை எடுங்கள். அப்போதுதான் ஏலக்காய் வந்து சேரும்.

மெல்லும்போதும் விழுங்கும்போதும் உணவிலிருந்து கிளம்பும் ஆவி, தொண்டையின் பின்பக்கமாக ஏறி, வெளிவரும் மூச்சோடு மூக்கின் உச்சிக்குப் போகிறது. சாப்பாட்டுக்கு மூக்கில் ஒரு கொல்லைப்புற வழி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சுமார் 400 வகை மண ஏற்பிகள், அதாவது வாசனையைப் பிடிக்கும் புரதங்கள், இருக்கின்றன. இவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் கண்டுபிடித்தார்கள். 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வாசனை மூலக்கூறு பல ஏற்பிகளைக் கூடுதலும் குறைவுமாகத் தட்டும். எவையெவை சேர்ந்து ஒலித்தன என்பதை வைத்துத்தான் மூளை இது சீரகம், இது பெருங்காயம் என்று பிரிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், உணவு வாயில் இருப்பதால் அந்த மணத்தையும் மூளை வாயின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது.

நாக்கு தானாக அறிவது ஐந்தே சுவைகள்: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி. கடைசியது கறிச்சாறு, காளான் போன்றவற்றின் ருசி; கடற்பாசிச் சாற்றில் அதற்குக் காரணமான குளுட்டமேட் என்ற பொருளைக் கண்டு 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா வைத்த பெயர்.

அப்படியானால் நம் அறுசுவையில் உள்ள கார்ப்பும் துவர்ப்பும்? மிளகாயின் காப்சைசின், சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற புரதத்தைத் தூண்டுகிறது. சுமார் 43 டிகிரி செல்சியசில் விழித்துக்கொள்ளும் புரதம் அது. பச்சைத் தண்ணீரில் அரைத்த மிளகாயும் 'சுடுகிறது' என்றே செய்தி அனுப்புவது இதனால்தான். மிளகும் தட்டுவது அதே கதவைத்தான். துவர்ப்பு வேறு கதை: வாழைப்பூவின் டானின்கள் எச்சிலிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்ள, வாயின் வழவழப்பு போய்ச் சொரசொரக்கிறது. பெரும்பாலும் அது தொடுவுணர்வு. அதற்காகப் பழைய பட்டியல் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சாப்பிடுகிறவன் வாயில் உணர்வதை எழுதிவைத்தார்கள். நரம்பை யார் கண்டது?

சளிக்காரர் குடிக்கும் ரசத்துக்கு வருவோம். புளி, உப்பு, மிளகின் எரிச்சல் மூன்றும் உறைக்கும். சீரகமும் பெருங்காயமும் கொத்தமல்லியும் அடைத்த மூக்கின் வாசலோடு நின்றுவிடும். கொரோனாவில் பலருக்கு மூக்கடைப்பே இல்லாமல் மணம் போனது. கிருமி முக்கியமாகத் தாக்கியது மண நரம்புகளை அல்ல, அவற்றைத் தாங்கும் துணைச் செல்களை.

நாக்கு நிஜமாகவே செத்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போடுங்கள். அதிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் இனிப்பு ஏற்பியை அடைத்துவிடுவதால் சர்க்கரை மணலாக நெறுநெறுக்கும். கையோடு அந்த ஏலக்காய் மிட்டாயையும் போட்டுப் பாருங்கள். இம்முறை ஏலக்காய் வரும், இனிப்பு வராது.