ஓடாமல் நின்ற விமானம் புதுசு இல்லை, அண்ணை

பழைய சொகுசு விமானம் வாங்கலாமோ என்று இந்த வருசம் என்னிடம் கேட்டவர்களில் இவர் மூன்றாவது ஆள். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கனடாவில் இருந்து வந்த அண்ணை ஒருவர், கச்சான் கொறித்துக்கொண்டே போனை நீட்டினார். போயிங் பிபிஜே, அதாவது 737 பயணிகள் விமானத்தையே பணக்காரருக்கென்று மாற்றிச் செய்த சொகுசு விமானம். 737-700இன் உடம்பு, 737-800இன் இறக்கையும் லாண்டிங் கியரும் (இறங்கும் சக்கரத் தொகுதி). உள்ளே கட்டில், சோபா, குளியலறை, தங்க நிறக் குழாய். நாலு கூட்டாளிகள் சேர்ந்து வாங்கப் போகிறார்களாம். தரகருக்கு முற்பணமும் கட்டியாயிற்று. "தம்பி, இருபது வருசத்தில நாலாயிரம் மணித்தியாலம்தான் பறந்திருக்கு. புதுசு மாதிரி!"

வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் இந்த வகை விமானங்களைப் பராமரித்து, பறக்கலாம் என்று கையொப்பம் வைத்தவன் நான். "புதுசு மாதிரி" என்று கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜப்பான் வான் வாங்கும்போது மீற்றரைப் பார்க்கிறோம், சரி. விமானத்துக்கு மூன்று கணக்கு உண்டு: பறந்த மணித்தியாலம், ஏறி இறங்கிய தடவை, கலண்டர். பயணிகளை ஏற்றி இறக்கும் 737 முதல் இரண்டிலும் தேயும். பணக்காரரின் 737 மூன்றாவதில் தேயும். லாண்டிங் கியரைக் கழற்றிப் புதுப்பிக்கும் வேலை ஏறக்குறையப் பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும். பறந்தீர்களா, பூட்டி வைத்தீர்களா என்று அது கேட்காது. அவசரச் சறுக்கு, தீயணைப்புப் போத்தல், ஒட்சிசன் சிலிண்டர் என்று எல்லாவற்றுக்கும் திகதி இருக்கிறது. இரண்டு போகம் கொட்டிலில் நின்ற லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தவருக்கு இதை நான் சொல்லவே தேவையில்லை. விமானத்தில் இன்னும் மோசம். எரிபொருள் தாங்கியின் அடியில் தண்ணீர் தங்கி, அதற்கு மேலே பூஞ்சணம் வளரும். அது அலுமினியத்தையே அரிக்கும். ஒருமுறை தாங்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன், சளி மாதிரிக் கறுப்பாகப் படிந்திருந்தது. அந்த விமானமும் "கொஞ்சம்தான் பறந்தது".

தங்கக் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். குளியலறைத் தரையைக் கிளப்பிப் பார்க்கிறவர் இல்லை. கசிந்த தண்ணீர் அங்கேதான் துருவைத் தொடங்கி வைக்கும்.

பழசானால் விமானத்தின் விலைதான் இறங்கும், செலவு இறங்காது. மணிக்கு ஏறக்குறைய 3,000 லீற்றர் எரிபொருள் குடிக்கும். விமானிகள், காப்புறுதி, தரிப்பிடக் கூலி எல்லாம் பறக்காத மாதத்திலும் வரும்.

"இரணைமடுவில இறக்கலாமோ?" என்றார். அது விமானப்படைத் தளம், அண்ணை. பலாலியில் 2019இல் சர்வதேசப் பறப்புத் தொடங்கியது உண்மைதான், ஆனால் அங்கே வந்துபோவது ஏடிஆர் மாதிரிச் சிறிய விசிறி விமானங்கள். முழுச் சுமையில் 77 தொன் வருகிற இதைக் கட்டுநாயக்காவில் விட்டுவிட்டு, ஏ9 வீதியால் வான் பிடித்துத்தான் ஊருக்கு வருவீர்கள்.

தயவுசெய்து இனியாவது தரகரின் கையில் காசு கொடுக்காதீர்கள். இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாம் ஆள் காசைப் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் மட்டும் போடுங்கள். வாங்க முன் செய்யும் சோதனை சரிவராவிட்டால் முற்பணம் திரும்பி வரும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சோதனையை நீங்கள் தெரிவு செய்த வேலைத்தளம் செய்யட்டும். இவ்வளவு காலமும் அந்த விமானத்தைப் பராமரித்த இடமே செய்தால் தன் பிழையைத் தானே எழுதித் தருமா? விமானத்தின் மேல் யாருக்காவது கடன் உரிமை இருக்கிறதா என்று சட்டத்தரணி பார்க்க வேண்டும். 2006இல் இருந்து அயர்லாந்தில் அதற்கென்றே ஒரு சர்வதேசப் பதிவேடு இயங்குகிறது. எஞ்சினுக்குள் ஆயுள் குறித்த பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் பிறந்த நாளில் இருந்து தாள் வேண்டும். நடுவில் ஒரு தாள் இல்லாவிட்டால் அந்தப் பாகம் எவ்வளவு பளபளத்தாலும் குப்பைதான். உள்ளலங்காரத் துணி, தோல் எல்லாவற்றுக்கும் தீப்பிடிப்புச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். ஆசைக்கு மாற்றிய சோபாவுக்குப் பெரும்பாலும் அது இருக்காது.

அந்த அண்ணை நேற்று வட்ஸ்அப்பில் இன்னும் பதினாறு படம் அனுப்பியிருந்தார். பதினாறிலும் சோபா. லாண்டிங் கியர் கடைசியாக எப்போது கழற்றப்பட்டது என்று பதில் போட்டேன். தரகரிடம் கேட்டுச் சொல்வதாக எழுதியிருக்கிறார்.