கோடையில் எடுத்த படத்தை நம்பி மனை வாங்காதீர்கள்

மனை வாங்கப் போகிறவர் எதிரே அமர்ந்து, கைப்பேசியை நீட்டி, "சார், சாட்டிலைட்டிலேயே பார்த்துவிட்டேன், பக்கத்தில் ஏரி எதுவும் இல்லை" என்று ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் முதலில் வருகிறது. செயற்கைக்கோள் படங்களையும் நில ஆவணங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பதுதான் என் தொழில். அண்மையில் வந்தவர் ஒரு படி மேலே போய், மனை விற்றவர்கள் அச்சடித்துக் கொடுத்த வண்ணத்தாளையே கொண்டு வந்திருந்தார். செயற்கைக்கோள் படத்தின் மேல் மஞ்சள் கோட்டில் மனைப்பிரிவுகள். சுற்றிலும் வெளிர் பழுப்பில் காய்ந்த தரை. வலது ஓரத்தில் வில்லாக வளைந்து செல்லும் ஒரு மேடு, அதன்மேல் வரிசையாகப் பனைமர நிழல்கள். நடுவில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு கட்டுமானம். அந்த மேடு ஏரிக்கரை, அந்தக் கட்டுமானம் மதகு. அவருடைய மனை கரைக்கு உட்புறம் இருந்தது. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

படத்தில் ஏரி இருந்தது. தண்ணீர்தான் இல்லை. இந்த வித்தியாசத்தைப் புரிய வைக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நீங்கள் கைப்பேசியில் பார்ப்பது நேரலை அல்ல. மேலே ஒரு கேமரா இருந்து இந்த நொடியில் உங்கள் தெருவைக் காட்டிக்கொண்டிருக்கவில்லை. அது வெவ்வேறு நாட்களில் எடுத்த படங்களை ஒட்டிச் சேர்த்த படம். உங்கள் தெரு ஒரு வருடத்துப் படமாகவும் அடுத்த தெரு வேறொரு வருடத்துப் படமாகவும் இருக்கலாம். எந்தப் படத்தைச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மேகம் இல்லாத படத்தைத் தேடி எடுக்கிறார்கள். சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஏரி தளும்பும் நாட்களில் வானம் மூடிக் கிடக்கும், படம் கழிக்கப்படும். வானம் பளிச்சென்று இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் ஏரி மாடு மேயும் மைதானமாக இருக்கும், அந்தப் படம் சேர்க்கப்படும். யாரும் உங்களை ஏமாற்ற வேண்டும் என்று செய்வதல்ல. ஆனாலும் நீங்கள் ஏமாறுகிறீர்கள். தை, மாசியில் எடுத்த படம் வாய்த்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

இன்னும் ஒன்று. ஏரியில் தண்ணீர் இருக்கும்போதே எடுத்த படமாக இருந்தாலும், ஆகாயத்தாமரை மூடியிருந்தால் பச்சைப் பசேல் என்று வயலாகத்தான் தெரியும். சீமைக் கருவேலம் மண்டிய ஏரி தோப்பாகத் தெரியும். கண்ணுக்கு மட்டுமல்ல, கணினிக்கும் அப்படித்தான். நீர், அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். இலை அதைத் திருப்பி அனுப்பும். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் நாங்கள் நீர்ப்பரப்பைப் பிரிக்கிறோம். மேலே இலை படர்ந்திருந்தால் கணக்கு "செடி" என்றே பதில் சொல்லும்.

அதனால்தான் விஞ்ஞானிகள் யாரும் ஒரே ஒரு படத்தை வைத்து ஒரு முடிவும் சொல்வதில்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கின்றன. 2008 இல் அந்தச் சேமிப்பு முழுவதும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகுதான் ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையத்தினர் 1984 முதல் 2015 வரையிலான சுமார் 30 லட்சம் படங்களை எடுத்துக்கொண்டு, உலகின் ஒவ்வொரு துண்டு நிலமும் எத்தனை முறை நீராக இருந்தது என்று எண்ணி 2016 இல் வெளியிட்டார்கள். குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர் என்று தேடினால் கிடைக்கும், காசு கிடையாது. மனை வாங்கும் முன் அதைப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பார்க்கும்போது ஒரு கணக்கை மறக்க வேண்டாம். அந்தப் படத்தின் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய 9,700 சதுர அடி. நம் கணக்கில் நான்கு கிரவுண்டு. நான்கு கிரவுண்டும் சேர்ந்து ஒரே நிறமாகத் தெரியும்போது பத்தடி அகல வரத்துக் கால்வாய் எங்கே தெரியும்? அங்கே உங்கள் இடத்தில் நீர் இருந்ததாக எந்த நிறம் காட்டினாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். நிறம் இல்லை என்றால், அந்தப் படங்களில் நீர் பிடிபடவில்லை என்று மட்டுமே பொருள். நிலம் நல்லது என்று அதற்குப் பொருள் இல்லை.

மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடார் செயற்கைக்கோள்கள் இருக்கின்றனவே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருக்கின்றன. சென்டினல்-1 2014 முதல் இயங்குகிறது, இரவிலும் மழையிலும் வேலை செய்யும். திறந்தவெளியில் தேங்கிய நீர் அதில் கறுப்பாக விழும். ஆனால் வீடுகளுக்கு நடுவே நிற்கும் நீரில் பட்ட அலை சுவரில் மோதித் திரும்புவதால் அந்த இடம் முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். வெள்ள வரைபடத்தில் உங்கள் தெரு வெள்ளையாக இருப்பதைக் காட்டி, "பாருங்கள், வெள்ளமே வரவில்லை" என்று ஒரு விற்பனையாளர் வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். வாதம் அழகாக இருந்தது.

அடுத்தது உயரம். "செயலியில் பார்த்தேன் சார், கடல் மட்டத்திலிருந்து 12 மீட்டர் காட்டுகிறது" என்பார்கள். அந்த 12 எங்கிருந்து வந்தது? இலவசச் செயலிகள் பலவற்றில் இருக்கும் உயரக் கணக்குக்கு மூலம், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் ராடாரால் அளந்த தரவு. அந்த ராடார் மரத்தின் தலையையும் கட்டடத்தின் மாடியையும் சேர்த்துத்தான் அளந்தது. பிழை சில மீட்டர்கள் வரை போகும். மலைச்சரிவை ஆராய்பவர்களுக்கு அது பொன்னான தரவு. தென்சென்னை போன்ற தட்டையான நிலத்தில் ஒரு மீட்டர்தான் வீட்டுக்குள் தண்ணீர் வருவதையும் வராததையும் தீர்மானிக்கிறது. அங்கே இந்த எண்ணை வைத்து என்ன செய்வீர்கள்? (ஜி.பி.எஸ். கருவியின் திருத்தாத உயரத்தைச் சென்னைக் கடற்கரையில் நின்று படித்தால் கடல் மட்டத்துக்கும் கீழே 80 மீட்டருக்கு மேல் காட்டும். கருவி பழுதல்ல. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைவாக இருப்பதால் நம் பக்கத்துக் கடல் மட்டமே, ஜி.பி.எஸ். பூமிக்கு வைத்திருக்கும் கணித வடிவத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. இதைச் சொல்லும்போது மட்டும் வருபவர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள்.)

சரி, எதைத்தான் பார்ப்பது? பழைய வரைபடத்தைப் பாருங்கள். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாள்களில் ஏரி, கரை, ஓடை எல்லாம் வரையப்பட்டிருக்கும். கிராம வரைபடத்தில் சர்வே எண்ணோடு இருக்கும். ஆனால் அவற்றை ஸ்கேன் செய்து படமாக்கி, நீங்களே கைப்பேசிச் செயலியில் ஒட்டிப் பார்த்து, "ஏரி என் மனைக்கு அந்தப்பக்கம்தான்" என்று முடிவு செய்யாதீர்கள். ஆங்கிலேய நில அளவையாளர் லாம்ப்டன் 1802 இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்தியப் பெரும் நில அளவையின் வழியில் வந்த, எவரெஸ்ட் என்று பெயரிட்ட பூமியின் கணித வடிவத்தின் மேல் பழைய தாள்கள் வரையப்பட்டவை. இன்றைய ஜி.பி.எஸ். வேறொரு வடிவத்தில் பேசுகிறது. மாற்றிக் கணக்கிடாமல் ஒட்டினால் சென்னைப் பக்கம் நூறு மீட்டருக்கு மேல் விலகும். கிராம வரைபடத்திலோ அட்சரேகை, தீர்க்கரேகையே கிடையாது. எல்லைக் கல், கரை, கோயில் குளம் என்று மாறாத புள்ளிகளைப் பிடித்துத்தான் பொருத்த வேண்டும்.

"பட்டா நிலம்தான், புறம்போக்கு இல்லை, வில்லங்கச் சான்றும் சுத்தம்" என்பது அடுத்த பதில். நல்லது. நிலம் யாருடையது என்பதற்கு அது பதில். தண்ணீர் பட்டாவைப் படித்துவிட்டு வருவதில்லை. கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் உங்கள் சர்வே எண் நஞ்சை என்று இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். மதகைத் திறந்தால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பாயும் அளவுக்குத் தாழ்ந்த நிலம் என்றுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். ஏரிப் பாசனத்தில் இருந்த நிலமா, எந்த ஏரி, அதன் கலிங்கல், அதாவது உபரி நீர் வழியும் இடம், எந்தப் பக்கம் என்று கேளுங்கள். நிரம்பிய ஏரி கலிங்கல் வழியே வழிந்து எங்கே போகிறது என்று பாருங்கள். போக்குக் கால்வாய் இருந்த இடத்தில் இப்போது தார்ச்சாலை இருந்தால், மழைக்காலத்தில் அந்தச் சாலைதான் கால்வாய்.

மண் கொட்டி ஐந்தடி உயர்த்தியிருக்கிறார்கள் என்ற ஆறுதலும் வேண்டாம். உங்கள் வீடு தீவாகும், அவ்வளவுதான். அதோடு பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் தண்ணீரும் சேர்ந்து போகும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது, நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை, இனி பயமில்லை என்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி தண்ணீரில் நின்றன.

ஆகவே தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து, படம் எடுத்த தேதியைப் படியுங்கள். பழைய படங்களுக்குப் போகும் வசதி அதிலேயே இருக்கிறது. மழையை ஒட்டிய மாதத்துப் படம் கிடைக்கும்வரை பின்னால் தள்ளிக்கொண்டே போங்கள். விற்பவர் அச்சடித்த படத்தில் தேதி இல்லையென்றால் அது விளம்பரம், வரைபடம் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை நாளில் நேரில் போய் நில்லுங்கள். பக்கத்தில் பழைய வீடு இருந்தால் சுவரில் நீர் ஏறிய கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மாடு மேய்க்கும் பெரியவரிடம் அந்த இடத்துக்கு ஊரில் என்ன பெயர் என்று கேளுங்கள். என்னிடம் வருவதானால் கைப்பேசியில் இருப்பிடத்தை மட்டும் அனுப்பாமல், சர்வே எண், உட்பிரிவு எண், புலப்படம் (அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடம்), அ-பதிவேட்டு நகல் நான்கையும் கொண்டு வாருங்கள். பத்திரம் பதிந்த மறுநாள் வந்தால் என்னால் படத்தை விளக்கிச் சொல்ல முடியும், பணத்தை மீட்டுத் தர முடியாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வாருங்கள்.