கீரை முதலில், பூசணி கடைசியில்

செடியிலிருந்து பறித்த காய்கறி சமையலறைக்கு வந்த பின்னும் உயிருடன்தான் இருக்கிறது. தன்னுள் சேர்த்து வைத்த சர்க்கரையை உயிர்வளியோடு எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிட்டபடி அது சுவாசிக்கிறது. ஆகவே, மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் ஞாயிறன்று சந்தையில் வாங்கிய காய்களை எந்த வரிசையில் சமைப்பது என்பதை நாக்கைவிட இந்தச் சுவாச வேகமே முடிவு செய்வது நல்லது.

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் சுவாசம் ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு விரைவாகும். பகல் வெயில் 32 டிகிரியைத் தொடும்போது மோட்டார் சைக்கிள் கூடையில் ஒரு மணி நேரம் கிடக்கும் கீரை, குளிர்சாதனப் பெட்டியில் பல மணி நேரம் இருந்தால் இழக்கும் சர்க்கரையை அதற்குள்ளாகவே இழந்துவிடும். இலை மெல்லியது என்பதால் நீரும் விரைந்து வெளியேறும். எடையில் சுமார் 5 விழுக்காடு குறைந்தாலே வாட்டம் கண்ணுக்குத் தெரியும். கங்கோங் எனும் வள்ளைக்கீரையும் முளைக்கீரையும் அன்றைக்கே அடுப்பேற வேண்டியவை. வளர்ச்சியின் நடுவே பறிக்கப்படும் வெண்டைக்காயும் பயற்றங்காயும் வேகமாகச் சுவாசிப்பவை. செவ்வாய்க்குள் தீர்ந்துவிட வேண்டும்.

கத்தரிக்காயைத்தான் பலரும் தவறாக வைக்கிறார்கள். வெப்ப மண்டலத்துக் காயான அதன் உயிரணுச் சவ்வுகள் 10 டிகிரிக்குக் கீழான குளிரில் நாளடைவில் சிதைவதால், தோலில் குழி விழுந்து விதை கறுத்துவிடும். நிழலான மூலையில் வைத்துப் புதனன்று குழம்பாக்கலாம்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலையிலிருந்து இறங்கும் முட்டைக்கோஸ் உண்மையில் ஒரு பெரிய மொட்டு; அது மெதுவாகவே சுவாசிக்கும் என்பதால், வெள்ளிக்கிழமைச் சைவச் சமையல் வரை குளிரில் காத்திருக்கும். தடித்த தோலுள்ள முழுப் பூசணிக்கு அந்தக் குளிரும் தேவையில்லை.

பழுக்கும் தக்காளியையும் வாழைப்பழத்தையும் கீரையோடு வைக்கக் கூடாது. அவை வெளியிடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கும். முருங்கைக்கீரையைத் துணியில் சுற்றி இரவு முழுவதும் வைத்து, காலையில் உதறி இலைகளை உதிர்க்கும் பாட்டிமாரின் வழக்கத்திலும் மூட்டைக்குள் தேங்கும் அதே வாயுவுக்குப் பங்குண்டு.

நான்கு பருவங்கள் இல்லாத நம் நாட்டில் காய்கறிக்குப் பருவம் என்பது பெரும்பாலும் மழையே. ஆண்டிறுதியின் அடைமழையில் ஈரத்தோடு கட்டி வரும் கீரை, வாடுவதற்கு முன்பே அழுகத் தொடங்கும். அந்த வாரங்களில் சந்தைக் கீரையை விட்டுவிட்டு, தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக் கொல்லை முருங்கையை நம்புவதே மேல். பருப்பு வெந்துகொண்டிருக்கும்போதே பறித்துக்கொள்ளலாம்.